நாலு, மிச்சம் ஏழு

அப்பா ஓட்டிய லோரியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று சின்ன வயதில் பீற்றிக்கொள்வேன். அப்போது அது பொய். தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன்மேல் ஏறி விளையாடியவர்கள்தான். இப்போது அது உண்மையாகிவிட்டது. அந்த லோரியை நினைவில் வைத்திருக்கிற ஆள் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

மலாக்காவில் நியாலாஸ் என்கிற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்பது ஒரு பேச்சுக்குத்தான்; அது சீமையில் இருந்த யாரோ சில பேருடையது. அம்மா அங்கே பால்மரம் சீவினாள். அப்பா லோரி டிரைவர். லோரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் ஒரு கட்டில் அளவுக்குப் பலகைத் தட்டு. மலாக்கா டவுனில் ஒரு மளிகைக்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஓட்டித் தீர்த்து விற்றதைத் தோட்டத்துத் துரை வாங்கியிருந்தார். முன்னால் இருக்கவேண்டிய பெயர்த் தகடும், உள்ளே எண் பொறித்திருக்கவேண்டிய தகடும் எங்களிடம் வருவதற்கு முன்பே கழன்று போயிருந்தன. அது எந்த வருடத்து வண்டி, எந்த வகை என்று கேட்டால் அப்பா சிரிப்பார். தகப்பன் பேர் தெரியாத பிள்ளை, ஆனால் நம் வீட்டில் நல்லபடியாக வளருகிறது என்பார்.

வாரத்துக்கு இரண்டு தடவை ரப்பர் ஷீட்டுகளை ஏற்றி ஜாசினுக்குப் போகும். திரும்பும்போது அரிசி மூட்டை வரும். காய்ச்சல் கண்டவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். ஸ்டோரிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற வழியில் ஒரு செம்மண் மேடு உண்டு. இரண்டு வளைவு, அதற்கு மேல் நேர் ஏற்றம். மழை பெய்தால் மாடே வழுக்கும். அந்த மேட்டைச் சுமையோடு ஏறி முடிப்பதுதான் லோரியின் வேலை. மற்றதெல்லாம் சமதரை, சைக்கிள்காரனும் போவான்.

ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த காலம் அது. பக்கத்துத் தோட்டங்களில் பாதி லயம் காலி. ஆட்களைப் பெயர் எழுதிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரை நல்லவர்தான், கத்தமாட்டார். அமைதியாக ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தார். இனி லோரி ஒரு தடவை படுத்தால் அதை விற்றுவிட்டு மாட்டுவண்டி வாடகைக்குப் பிடிப்பது. லோரி இல்லாவிட்டால் டிரைவர் எதற்கு? ஆள் குறைத்தால் குடும்பத்தோடு குறைப்பதுதான் வழக்கம். ஆகவே அந்தப் பழைய வண்டி ஓடுகிற வரைக்கும்தான் எங்களுக்கு அந்தத் தோட்டம். இது எனக்கும் தெரியும். ஒன்பது வயதில் இதெல்லாம் தெரியாமல் இருக்க முடியாது, ஒரே அறைதானே.

லோரியின் பின்பக்கத்துச் சத்தத்தை முதலில் கேட்டவள் அம்மா. விடிகாலையில் மரத்தடியில் நின்றுகொண்டே, மேட்டில் போகிற லோரி அழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். அப்பா இல்லை என்று சாதித்தார். மறுவாரம் அவருக்கே கேட்டது. டவுனில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் காதை வைத்துக் கேட்டார், எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார், அதில் மினுமினுவென்று இரும்புத் தூள் இருந்ததாம்.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரிப் புடைத்த ஓர் இரும்புக் கூடு இருக்கும். அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும். இஞ்சினிலிருந்து வருகிற நீளத் தண்டு சின்னதைச் சுழற்றும், சின்னது பெரியதைச் சுழற்றும், பெரியது வண்டிச் சக்கரத்தைச் சுழற்றும். அந்த இரண்டும்தான் தேய்ந்திருந்தன. இன்னும் இரண்டு மாதம் தாங்கும், அதற்குள் சிங்கப்பூரிலிருந்து புது ஜோடி வரவழைக்கவேண்டும். ஆனால் எந்த ஜோடி என்று எழுத ஓர் எண் வேண்டும். வண்டிச் சக்கரம் ஒரு சுற்று வரும்போது தண்டு எத்தனை சுற்று வருகிறது என்கிற எண். எண் பெரிதானால் வண்டி மெதுவாகப் போகும், ஆனால் சுமையோடு மேடு ஏறும். சிறிதானால் வேகமாகப் போகும், மேட்டில் நின்றுவிடும். தகட்டில் இருக்கவேண்டிய எண். தகடுதான் இல்லையே. கூட்டைத் திறந்து பல்லை எண்ணலாம். திறந்தால் மூடுகிற வரை வண்டி நிற்கும், நின்ற வண்டியைத் துரை பார்த்தால் மாட்டுவண்டி வந்துவிடும். திறக்காமலே எண்ணுகிற வழியைத் தவுக்கே அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

இங்கே இன்னொரு சங்கதியையும் சொல்லியாகவேண்டும். அது லோரி சங்கதி இல்லை, ஸ்டோர் சங்கதி. மத்தியானம் பால் எடுத்து முடித்ததும் எல்லோரும் வாளியோடு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி தராசு முன்னால் உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. வாளியைத் தொங்கவிட்டதும் முள் ஆடி நிற்கும். இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் அவர் இருபத்திரண்டு என்று சொல்லி எழுதிக்கொள்வார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் நான் அம்மா பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருபத்துமூன்றைத் தொடப்போகிற இடத்தில் நின்றது, மயிரிழைதான் பாக்கி. பள்ளிக்கூடத்தில் எண் படித்த மிதப்பில், "இருவத்திமூணுக்கிட்ட இருக்கே" என்று சொல்லிவிட்டேன்.

வரிசை சிரித்தது. கிராணி கோபிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மிச்சத்தைக் கணக்கில எடுக்கிறேல்லை பிள்ளை. முழுசுதான் கணக்கு."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை, நகம் பதிந்து நாலு நாள் கன்றியிருந்தது. லயத்துக்கு வந்தபின் சொன்னாள். மிச்சம் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் நாளைக்கு நல்ல மரம் வரிசையாக உள்ள நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் கெட்டிக்காரி, ஒரு கிள்ளிலேயே கற்றுக்கொண்டேன்.

லோரிச் சக்கரத்தை எண்ணியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் அப்பா முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு பக்கம் ஜாக்கி, மறுபக்கம் ரப்பர் மரக்கட்டை. இரண்டு பின்சக்கரங்களும் அந்தரத்தில் நின்றன. கியரை எடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்த, போர்டில் எழுதுகிற சாக்குக்கட்டியால் தண்டின்மேல் ஒரு கோடு, ஒவ்வொரு டயரிலும் ஒரு கோடு. டயர்க் கோட்டுக்கு நேராகத் தரையில் ஒரு குச்சி. இரண்டு சக்கரத்தையும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரிச் சுற்றவேண்டும், ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் எண் கெட்டுவிடும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். அதனால் வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அம்மா. கீழே மல்லாந்து படுத்துத் தண்டைப் பார்த்து எண்ண நான். என் தம்பிக்கு நாலு வயது. அவனை முன் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்தி வைத்திருந்தோம்.

இருக்கிற ஒரு ஓய்வு நாளும் இப்படிப் போகிறதே என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அப்பா கூப்பிடவில்லை. லயத்து ஆட்கள் ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள், படிக்கிற பிள்ளை எண்ணினால் சரியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போது வந்த பெருமை கொஞ்சமில்லை.

"சக்கரம் ஒரு சுத்து வர்றப்ப தண்டு எத்தன சுத்து வருதுன்னு பாரு தாயி. பாத்து நிதானமா சொல்லு."

அவர் "ம்" என்றதும் இருவரும் சுற்றினார்கள். மேலே அந்தக் கூடு கரகரத்தது. எண்ணெய் ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது, துடைக்கவில்லை. வெள்ளைக் கோடு மேலே போய் மறைந்து இந்தப் பக்கம் வந்தது. ஒன்று. மறுபடி. இரண்டு. மூன்று. நாலு. அப்புறம் ஐந்தாவது தடவையாகக் கிளம்பி, மேலே ஏறி, மறைந்து, இறங்கி வந்து, தொடங்கின இடத்துக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நின்றுவிட்டது. டயர்க் கோடு இரண்டும் குச்சிக்கு நேராக வந்துவிட்டன.

நான் அந்த விரல் அகலத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதுதான் உண்மை. தெரியாமல் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இடப்பக்கம் அம்மாவின் பாதங்கள் தெரிந்தன, பால் காய்ந்து வெடித்த குதிகால்கள். தொடையில் கிள்ளு பட்ட இடம் நினைவுக்கு வந்தது. முழுசுதான் கணக்கு.

"நாலு" என்றேன்.

அப்பா இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கோடு அதே இடத்தில் நின்றது. நாலு என்றேன். மூன்றாம் தடவையும் அப்படியே.

"நாலுதானா? கூடக் கொறைய இல்லையே?"

"நாலுதாம்ப்பா."

"அதான் மூணுவாட்டி சொல்லிட்டாள்ல" என்று அம்மா அந்தப் பக்கமிருந்து சொன்னாள். அவளுக்கு உலை வைக்க நேரமாகியிருந்தது.

மறுநாள் கிராணி சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதினார். நாலெண்டு நிச்சயமோ என்று அவரும் ஒரு தடவை கேட்டாராம். மூன்று தடவை பார்த்தாயிற்று என்று அப்பா சொன்னாராம். கிராணி தன் அழகான கையெழுத்தில் நாலு என்று எழுதி, துரையிடம் ஒப்பம் வாங்கி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து மரப்பெட்டி வந்தது. டவுனிலிருந்து பட்டறைத் தவுக்கேயே வந்து மாட்டினார். பழையதைக் கழற்றிப் புதியதைக் கையில் எடுத்தபோது இரண்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே என்று மலாயில் ஏதோ சொன்னார். அப்பாவும் விரலால் தடவிப் பார்த்தார். கிராணி கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். நாலு கேட்டோம், பெட்டிமேலும் நாலு என்று போட்டிருக்கிறது. காகிதத்தில் இருப்பதோடு யார் சண்டை போடுவது? மாட்டி மூடிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு ஸ்டோரைச் சுற்றி இரண்டு ரவுண்டு வந்தார். சத்தமே இல்லை. முன்னைவிட வேகமாகவும் போனது. அம்மா லோரியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். புது வண்டி தோற்றுப்போகும் என்றார் அப்பா. நான் எண்ணின எண் உள்ளே சுழல்கிறது என்று தம்பிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் என்ன கண்டான், தலையாட்டினான்.

ஷீட்டு ஏற்றிக்கொண்டு முதல் தடவை கிளம்பியபோது துரை மேட்டின் அடியில் வந்து நின்றார். நாங்கள் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பக்கத்து நிரையில் மரத்துக்கு மரம் ஒளிந்து பார்த்தோம். முதல் வளைவை லோரி வேகமாகவே ஏறியது. இரண்டாவது வளைவில் இஞ்சின் திணறியது, புகை கக்கியது, நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் பின்னால் உருண்டது. அப்பா எப்படியோ திருப்பி ரோட்டோர மண்கரையில் முட்டி நிறுத்தினார். மறுபடி ஏற்றினார். அதே இடம். பாதி ஷீட்டை இறக்கிவிட்டு ஏற்றினார். தட்டுத்தடுமாறி ஏறியது. மேலே போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே வந்தபோது அப்பாவின் சட்டை பிழிந்தெடுக்கலாம்போல் இருந்தது. அரைச் சுமைதான் ஏறும் என்றால் அதற்கு மாட்டுவண்டி போதும் என்று துரை சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். துரை அன்றைக்கும் கத்தவில்லை.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிட வரவில்லை. தேடிப்போனேன். கொட்டகைக்குப் பின்னால், கழற்றிப் போட்ட பழைய பல்சக்கரங்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பல்லிலும் ஒரு புள்ளி வைத்து எண்ணியிருந்தார். என் சாக்குக்கட்டிதான்.

"பெருசுல முப்பத்தொம்பது பல்லு. சின்னதுல எட்டு. முப்பத்தொம்பத எட்டால வகுக்கத் தெரியுமா தாயி?"

தெரியுமாவா? வாத்தியார் அந்த மாதம்தான் வகுத்தல் சொல்லிக்கொடுத்திருந்தார். தரையிலேயே குச்சியால் போட்டேன்.

"நாலு, மிச்சம் ஏழுப்பா. பாத்தீங்களா, நான் சொன்னது சரிதான். நாலு."

அவர் மண்ணில் இருந்த கணக்கையே பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், ஆனாலும் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு கூட இருந்திருந்தா?"

"இன்னும் ஒண்ணு இருந்தா நாப்பது. அஞ்சு ஆயிரும்."

"அன்னிக்கு அந்தக் கோடு எங்க நின்னுச்சு? நெனவிருக்கா?"

விரலை வைத்துக் காட்டினேன். தொடங்கின இடத்துக்கு ஒரு விரல் இருக்கும்போது என்றேன். மூன்று தடவையும் அங்கேதான் நின்றது என்று, என் நினைவாற்றலைக் காட்டுவதற்காக, சேர்த்துச் சொன்னேன்.

"அத ஏன் தாயி சொல்லல?"

"மிச்சத்தக் கணக்குல எடுக்க மாட்டாங்கல்லப்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், எதற்கு என்று தெரியாவிட்டாலும். அவர் அடிக்கவில்லை. கையில் இருந்த சின்னப் பல்சக்கரத்தைத் துணியால் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஆமா தாயி" என்றார். "எடுக்க மாட்டாங்க."

அப்பாவும் ஒத்துக்கொண்டுவிட்டார், கணக்கு சரி என்று நான் நினைத்தேன். வாங்கப்பா சோறு ஆறிப்போச்சு என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை கனமாக இருந்தது.

மறுநாள் காலை பழைய பல்சக்கரங்களைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனார். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் நானும் ஆபிஸ் வாசலில் ஒதுங்கி நின்றேன். எண் தப்பாகப் போய்விட்டது, கிட்டத்தட்ட ஐந்து என்று எழுதி இன்னொரு ஜோடி வரவழைத்தால் வண்டி பழையபடி மேடு ஏறும் என்று அப்பா கெஞ்சினார். கிராணி துரையிடம் சொன்னார். துரை ஏதோ கேட்டார். கிராணி திரும்பி அப்பாவிடம் கேட்டார்.

"ஆர் எண்ணினது எண்டு துரை கேக்கிறார்."

"நாந்தாங்க" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. எண்ணினது நான். மல்லாந்து படுத்துக் கன்னத்தில் எண்ணெய் வாங்கினது நான். நான் சரியாக எண்ணினதற்குரிய பேரை அப்பா எடுத்துக்கொள்கிறார் என்று கோபம் வந்தது. ஐந்து வரை எண்ணத் தெரியாதவன் கையில் எப்படி வண்டியைக் கொடுப்பது என்று துரை கேட்டதாகக் கிராணி சொன்னார். அப்பா சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் அவரோடு பேசாமல் முன்னால் நடந்தேன். லயம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தடவை கூப்பிட்டார், திரும்பவில்லை. இன்றைக்கு அந்த இரண்டு கூப்பிடுதலுக்கும் திரும்பிப் பார்க்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கப்பல் பட்டியலில் எங்கள் பெயர் வந்தது. டவுனில் கிளேபாங் போகிற வழியில் இருந்த என் பெரியம்மா வந்தாள். அம்மாவுடன் பிறந்தவள், பிள்ளை இல்லாதவள். பெரியப்பாவுக்கு டவுன் போர்டில் தண்ணீர்க் குழாய் வேலை. அப்பாவின் ஊரிலிருந்து வந்த கடிதத்தில் வந்தால் தங்க இடமில்லை என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் லயத்து அறையில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள், நான் பெரியம்மாவோடு இருந்து டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பது என்று முடிவாகியிருந்தது. ரப்பர் விலை ஏறினதும் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம்.

ரப்பர் விலை ஏறத்தான் செய்தது. அவர்கள் வரவில்லை. ஊரில் யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி வருடத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வந்தது. நலம், நலமறிய அவா. தம்பி மாடு மேய்க்கிறான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் அம்மாவைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டார்கள். சண்டை வந்து ஜப்பான்காரன் வந்தபின் கடிதமும் இல்லை. அப்பா எந்த வருடம் போனார் என்றுகூட எனக்குத் தெரியாது. திவசம் கொடுக்க ஒரு தேதி இல்லை.

டவுன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பன்னிரண்டு வயதில் பின்னம் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்சத்தை அப்படியே விடக்கூடாது, அதையும் வகுக்கவேண்டும், அதற்கும் மதிப்பு உண்டு என்று டீச்சர் போர்டில் எழுதிக் காட்டினார். நான் நோட்டின் பின்பக்கத்தில் முப்பத்தொன்பதை எட்டால் வகுத்தேன். எட்டில் ஏழு பங்கு. கிட்டத்தட்ட ஐந்து. டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டது காதில் விழவில்லை. வெளியே போகச் சொன்னார், போய் நின்றேன். யாரிடம் சொல்லுவேன்? எழுதினால் படித்துக் காட்டுகிறவன் ஊர் முழுக்கச் சொல்லுவான். அப்பாவுக்கு எழுதவில்லை. அவருக்குத்தான் அது தெரியுமே. கொட்டகைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்த அன்றைக்கே தெரியும். கப்பல் ஏறுகிற வரை அதைப் பற்றி அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அம்மா என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

அவர்கள் கிளம்பிய நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. துரையிடம் லோரியை விலைக்கு வாங்கினவர் அதைத் தம்பின் என்கிற ஊரின் ரயில் ஸ்டேசனில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் கப்பலுக்குப் போகிற மூன்று குடும்பங்களையும் மூட்டை முடிச்சோடு அதிலேயே ஏற்றி ஸ்டேசனுக்குக் கொண்டுபோவது, அப்பாதான் ஓட்டுவது. நானும் பெரியம்மாவும் பெரிய ரோடு வரை அதில் வந்து, அங்கே டவுன் பஸ் பிடிப்பது. நான் புதுப் பாவாடை கட்டியிருந்தேன். பெரியம்மா வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்று தம்பியிடம் சொல்லி அவனை அழவிட்டிருந்தேன்.

மேட்டில் இரண்டாவது வளைவு வந்ததும் லோரி நின்றது. எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். தாங்களாகவே இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகளை மட்டும் மூட்டைமேல் விட்டுவிட்டுப் பெரியவர்கள் பின்னால் வந்து கை கொடுத்தார்கள். அம்மா கை கொடுத்தாள். பெரியம்மா ஓரமாக நடந்து வா என்று என்னைக் கூப்பிட்டாள். நான் கேட்கவில்லை. அம்மாவுக்கும் இன்னோர் ஆளுக்கும் நடுவில் நுழைந்து பலகையில் கையை ஊன்றிக்கொண்டேன். அன்றைக்கு நான் இருந்த உற்சாகத்தில் அந்த லோரியை ஒற்றை ஆளாகவே தள்ளியிருப்பேன். செம்மண் பாவாடையெல்லாம் தெறித்தது. மேலே தம்பி அழுகையை மறந்து, மூட்டைமேல் உட்கார்ந்து ஏ ஏ என்று என்னை விரட்டினான். அம்மா என் பக்கத்தில் தலையைக் குனிந்து தள்ளினாள், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. லோரி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. கடைசியில் கை பலகையிலிருந்து தானாக விடுபட்டது, மேடு முடிந்து லோரி சமதரைக்குப் போய்விட்டது.

அப்பா வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார். என் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தார். பலகைச் சிராய் ஒன்று ஏறியிருந்தது, அதை நகத்தால் எடுத்துவிட்டார்.

"நீ தள்ளுனதாலதான் ஏறுச்சு தாயி."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவர் எதற்காக அவ்வளவு நேரம் என் கையை விடாமல் நின்றார் என்று நான் யோசிக்கவே இல்லை, டவுன் பஸ் தூரத்தில் வருவது தெரிந்துவிட்டதால் நான்தான் கையை இழுத்துக்கொண்டேன். லோரி தம்பின் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல், வேகமாகப் போனது. சமதரையில் அது நன்றாகத்தான் ஓடும்.

பஸ்ஸில் டவுன் வரும்வரை பெரியம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லோரும் தள்ளியும் ஏறாத லோரி நான் கை வைத்த பிறகுதான் ஏறியது, அப்பாவே சொன்னார் என்று. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றாள்.